டிரெய்லரில் பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து எரிகிறது

கேள்வி (மன்னார்குடி):
சம்பா அறுவடை நடப்பதால், கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றிச் செல்லும் எங்கள் டிராக்டர் பெரும்பாலும் இருட்டிய பிறகே வீடு திரும்புகிறது. டிராக்டரில் எல்லா விளக்குகளும் நன்றாக எரிகின்றன. ஆனால் ஏழு பின் சாக்கெட்டில் டிரெய்லரை இணைத்து பிரேக்கை மிதித்தால், டிரெய்லரின் பிரேக் விளக்குகளோடு இண்டிகேட்டர்களும் மங்கலாக எரிகின்றன. பல்புகளை மாற்றியும் பயனில்லை. ஒயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள், அது அவசியம்தானா?

பதில் (திருத்துறைப்பூண்டி, ஆட்டோ எலக்ட்ரீசியன்):
அவசரப்பட வேண்டாம், ஐயா. இது எர்த் (மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை) கிடைக்காததன் அடையாளம். நம் பகுதி டிரெய்லர்கள் பலவற்றில் எர்த்துக்குத் தனி ஒயரே இருப்பதில்லை. டிரெய்லரை மாட்டும் கொக்கியையும் அதன் இரும்புப் பின்னையும் நம்பியே ஓடுகின்றன. சேறும் துருவும் கிரீஸும் படிந்த அந்த இடத்தில் தொடர்பு விட்டுப்போனால், பிரேக் பல்புக்கு வந்த மின்சாரம் இண்டிகேட்டர் பல்பின் வழியே பின்னோக்கி ஓடி, டிராக்டரின் இண்டிகேட்டர் பல்பைக் கடந்து எர்த்தை அடைகிறது. அதனால்தான் எல்லாமே அரைகுறையாக எரிகின்றன.

பேட்டரியின் நெகட்டிவிலிருந்து நீளமான ஒயர் ஒன்றை எடுத்து, டிரெய்லர் சட்டத்தில் பெயிண்டைச் சுரண்டிய இடத்தில் தொட்டுப் பாருங்கள். விளக்குகள் சரியானால், சாக்கெட்டின் 3ஆம் பின்னில் எர்த் ஒயர் போட்டாலே போதும். 12 வோல்ட்டில் 21 வாட் பல்பு ஒன்று 1.75 ஆம்பியர் இழுக்கும். எல்லா விளக்குகளின் மின்சாரமும் இந்த ஒரே ஒயரில்தான் திரும்புகிறது என்பதால், மற்றவை 1.5 சதுர மில்லிமீட்டர் என்றால் இதை 2.5 ஆகப் போடுங்கள். எர்த் ஒயர் வெள்ளை நிறத்தில் இருக்க வேண்டும் என்பது முறை. பழைய வண்டிகளில் நிறத்தை நம்பாமல் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்ப்பதே நல்லது.

பதில் (வேதாரண்யம்):
எங்கள் பக்கத்து உப்புக்காற்றில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் விரைவில் பச்சை பூத்துவிடுகின்றன. ஆகவே சால்டர் வைத்து ஸ்லீவ் போடுங்கள். வைக்கோல் ஏற்றினால் விளக்குகளே மறைந்துவிடும் என்பதால், அவற்றை டிரெய்லரின் பின்கதவுக்குக் கீழே சட்டத்தில் பொருத்தி, சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டையையும் ஒட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சோதித்துப் பார்த்தேன், நன்றி. இடப்பக்கம் பளிச்சென்று எரிகிறது. வலப்பக்கம் மட்டும் இன்னும் மங்கலாகவே உள்ளது.

பதில் (திருத்துறைப்பூண்டி, ஆட்டோ எலக்ட்ரீசியன்):
அந்த விளக்கை முடுக்கியிருக்கும் தகட்டில் பெயிண்ட் அல்லது துரு இருக்கும். போல்ட்டைக் கழற்றி இரும்பு தெரியும்வரை தேய்த்து, சட்டத்தை நம்பாமல் அந்த விளக்குக்கும் எர்த் ஒயரை நேரடியாக இழுத்துவிடுங்கள்.