எம்ஜிபி ஜிடி 1972: சாலையில் இன்ஜின் அணைகிறது, வீட்டு வாசலில் அணைவதே இல்லை. உதவி தேவை

கேள்வி (லெஸ்டர், இங்கிலாந்து)

வணக்கம். என்னிடம் 1972-ஆம் வருட எம்ஜிபி ஜிடி (பழைய பிரிட்டிஷ் கார்) ஒன்று இருக்கிறது. 1798 சிசி, இரண்டு எஸ்யூ கார்பரேட்டர், லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிட்டுக் கொடுப்பது), நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியில் சேர்வது). எலக்ட்ரானிக் இக்னிஷன் எதுவும் போடவில்லை, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிக் காயில் கரன்ட்டை அறுக்கும் பாயின்ட்டும், அதோடு சேர்ந்த கண்டென்சரும்தான். ஆறு வருடமாக நானே பார்த்துக்கொள்கிறேன். பிளக், பிரேக், கிளட்ச் ஹைட்ராலிக் வரை செய்திருக்கிறேன். இந்தக் கோளாறு மட்டும் மூன்று மாதமாகப் பிடிபடவில்லை.

குளிர்ந்த இன்ஜின் அருமையாக ஸ்டார்ட் ஆகிறது. ஊரை விட்டு வெளியே வந்து இருபது நிமிடம் போனதும், மணிக்கு 45, 50 மைல் வேகத்தில் சமமான சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது இரண்டு முறை வெட்டி இழுக்கும். அப்புறம் மொத்தமாக அணைந்துவிடும். சில நேரம் அணைந்த மறுநொடியே திரும்பப் பற்றும், அப்போது சைலன்சரில் 'டப்' என்று ஒரு வெடி. ஓரமாக நிறுத்திச் சாவியைத் திருப்பினால் பெரும்பாலும் உடனே ஸ்டார்ட் ஆகிறது. போன மாதம் மாட்லாக் தாண்டி பக்ஸ்டன் போகும் ஏ6 சாலையில் நான்கு முறை இப்படி நின்றது. பின்னால் லாரி, பக்கத்து சீட்டில் என் மகள். அன்றிலிருந்து வண்டியை வெளியே எடுக்க மனம் வரவில்லை.

இதுவரை மாற்றியவை: காயில் (பிளக்குக்கு உயர் வோல்ட் உண்டாக்குவது), கண்டென்சர், பாயின்ட், ரோட்டார் ஆர்ம், பிளக் ஒயர், பிளக், பெட்ரோல் ஃபில்டர். ஒரு பட்டறையில் கொடுத்தேன். கார்பரேட்டர் இரண்டையும் பிரித்துச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். வண்டி அதே மாதிரிதான் நிற்கிறது.

இன்னொரு விஷயம், சம்பந்தம் உண்டா தெரியவில்லை. காலையில் செல்ஃப் அடித்தால் இன்ஜின் சோம்பலாகச் சுற்றுகிறது. ஹெட்லைட்டும் கொஞ்சம் மங்கல். பேட்டரி இரண்டும் (சீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆறு வோல்ட் ஜோடி) போன வருடம்தான் வாங்கினேன்.

பதில் 1 (டொரன்டோ, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்)

எனக்கு இதே மாதிரி நடந்தபோது பெட்ரோல் டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தது. அடுத்த முறை நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் அதுதான். இங்கிலாந்தில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் இ10 ஆகிவிட்டதே, அதில் இருக்கும் எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை உள்ளேயே அரிக்கும். குழாய்களையும் ஒருமுறை பாருங்கள்.

ஒரு கேள்வி. இன்ஜின் அணையும் நொடியில் ஆர்பிஎம் முள் என்ன செய்கிறது? கியரில் இருக்கும்போதே கவனியுங்கள். சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது முள் தடால் என்று பூஜ்யத்துக்கு விழுந்தால் இக்னிஷன் கரன்ட் அறுந்திருக்கிறது. வண்டி வேகம் குறையக் குறைய முள்ளும் மெல்ல இறங்கினால் பெட்ரோல் பக்கம் தேடலாம்.

கேட்டவர்

மிக்க நன்றி. இன்று இரவு தனியாக, கூட்டமில்லாத சாலையில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு முறை அணைந்தது. இரண்டு முறையும் முள் ஒரே அடியாகப் பூஜ்யத்துக்கு விழுந்தது, வண்டி நாலாவது கியரில் 40 மைலில் போய்க்கொண்டிருந்தது. டேங்க் மூடியைத் திறந்தேன், சத்தம் எதுவும் இல்லை. ரப்பர் குழாய்கள் இரண்டு வருடத்துக்கு முன் மாற்றியவை, நன்றாகவே இருக்கின்றன.

பதில் 2 (கோயம்புத்தூர், ஆட்டோ எலக்ட்ரீஷியன்)

அப்படியானால் பெட்ரோலை விட்டுவிடலாம். காயிலின் பன்னிரண்டு வோல்ட் பக்கத்தில் எங்கோ அறுகிறது. வரிசையாகப் பார்ப்போம்.

உங்கள் வண்டியில் பிரவுன் ஒயர் எப்போதும் உயிரோடு இருப்பது. சாவி போட்டால் வெள்ளை ஒயரில் கரன்ட் வரும், அதே வெள்ளைதான் ஃபியூஸ் வழியாகப் போய்ப் பச்சையாகிறது. இண்டிகேட்டர், பெட்ரோல் கேஜ் எல்லாம் பச்சையில் ஓடுகிறவை. காயிலுக்கும் பெட்ரோல் பம்புக்கும் வெள்ளை நேராகப் போகிறது. அதனால் வண்டி அணையும் நொடியில் இண்டிகேட்டரைப் போட்டுப் பாருங்கள். அது எரியவில்லை என்றால் சாவி ஸ்விட்ச் உள்ளே தேய்ந்திருக்கிறது. எரிந்தால் சாவி ஸ்விட்ச் நல்லது, அதற்குப் பின்னால் தேட வேண்டும்.

நின்ற இடத்தில் ஸ்டார்ட் ஆகாமல் போனால் மீட்டரை எடுங்கள். கறுப்பு முனை எர்த்தில், சிவப்பு முனை காயிலின் வெள்ளை-கறுப்பு ஒயரில். சாவி ஆன், இன்ஜின் நிறுத்தம். பாயின்ட் மூடியிருக்கும்போது ஏறத்தாழ பூஜ்யம், திறந்திருக்கும்போது பன்னிரண்டு காட்ட வேண்டும். இன்ஜினை எங்கே திருப்பி வைத்தாலும் பன்னிரண்டே நின்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளோ அதற்குப் போகும் ஒயரிலோ தொடர்பு அறுந்திருக்கிறது. எப்போதும் பூஜ்யம் என்றால் எங்கோ எர்த்தில் இடிக்கிறது, அல்லது காயிலுக்கே கரன்ட் வரவில்லை. பாயின்ட் போடும்போது ஸ்பிரிங்கும் இரண்டு ஒயர் முனைகளும் ஒன்றையொன்று தொட வேண்டும், ஆனால் நடுக் கம்பத்தைத் தொடக் கூடாது. அந்தச் சின்ன பிளாஸ்டிக் வாஷரை மாற்றிப் போட்டவர்கள் பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

செல்ஃப் சோம்பலாகச் சுற்றுவதும் லைட் மங்கலும் வேறு கதை என்று நினைக்கிறேன். செல்ஃப் அடித்த உடனே சோக் கேபிளைத் (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ய இழுக்கும் கம்பி) தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கிறதா?

கேட்டவர்

சோக் கேபிள் சூடாக இருக்கிறது! ஐந்து நொடி அடித்ததற்கே வெதுவெதுப்பு. இண்டிகேட்டர் சோதனையும் செய்தேன். இன்ஜின் அணைந்த பிறகும் இண்டிகேட்டர் எரிகிறது, பெட்ரோல் முள் அசையவில்லை. நின்ற இடத்தில் உடனே ஸ்டார்ட் ஆகிவிடுவதால் மீட்டர் வைக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. வீட்டு வாசலில் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஒரு மணி நேரம் ஓடவிட்டேன், ரேடியேட்டர் நன்றாகச் சூடேறியது. ஒருமுறை கூட அணையவில்லை. சூட்டினால் வருகிறது என்றால் இங்கேயும் வர வேண்டுமே?

பதில் 3 (மதுரை, ஓய்வு பெற்ற மெக்கானிக்)

தம்பி, நான் முப்பது வருடத்துக்கு மேல் அம்பாசடர் வேலை பார்த்தவன். அதன் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் உங்களுடைய 1798 சிசி-யும் ஒரே பி சீரிஸ் குடும்பம்தான். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் பற்றும் வரிசை) கூட அதே 1-3-4-2. அதனால் உங்கள் வண்டியை நான் பார்த்ததில்லை என்றாலும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் என்ன இருக்கிறது என்று நன்றாகத் தெரியும்.

நீங்கள் கடைசியாக எழுதியதில்தான் விடை இருக்கிறது. ஐடிலில் அணையவில்லை. சமமான சாலையில் காலை லேசாக வைத்துப் போகும்போது அணைகிறது. நிறுத்தினால் உடனே பற்றுகிறது. இந்த மூன்றுக்கும் பொதுவாக மாறுவது வேக்குவம் அட்வான்ஸ் (இன்ஜினின் காற்று இழுப்பைக் கொண்டு தீப்பொறியைச் சற்று முன்கூட்டியே வரவைப்பது). உங்கள் வண்டியில் அந்தக் குழாய் கார்பரேட்டரிலிருந்து வருகிறது. ஐடிலில் அதில் இழுப்பு கிடையாது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துச் சீராகப் போகும்போதுதான் நன்றாக இழுக்கும். இழுத்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு திரும்பும். அந்தத் தட்டோடு சேர்ந்து அசையும் ஒயர் ஒன்று உண்டு. வெளி டெர்மினலிலிருந்து பாயின்ட்டுக்குப் போகும், விரல் நீளம் கூட இருக்காது. நீங்கள் பாயின்ட், கண்டென்சர், காயில் எல்லாம் மாற்றினீர்கள். இந்த ஒயரை மாற்றியதாக எழுதவில்லை.

ஐம்பது வருடம் மடங்கி மடங்கி உள்ளே இழைகள் அறுந்திருக்கும், மேல் தோல் மட்டும் முழுசாக இருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது. குளிரில் தோல் விறைப்பாக இருந்து இழைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். சூடேறியதும் தோல் இளகும், தட்டு திரும்பும்போது இழை விலகும். உங்கள் இருபது நிமிடக் கணக்கு அதுதான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். இன்ஜினை நன்றாகச் சூடேற்றி ஐடிலில் விடுங்கள். சட்டைக் கை முன் ஃபேனில் சிக்காமல் மடித்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் வேக்குவம் குழாயைக் கழற்றி, கார்பரேட்டரிலிருந்து வரும் முனையை டேப் போட்டு அடையுங்கள். வேக்குவம் டப்பாவில் சுத்தமான ரப்பர் குழாய் ஒன்றைச் செருகி வாயால் உறிஞ்சுங்கள். எல்லாம் நன்றாக இருந்தால் இன்ஜின் சத்தம் கொஞ்சம் ஏறும். உறிஞ்சும்போது வெட்டினாலோ அணைந்தாலோ அந்த ஒயர்தான். எதுவுமே நடக்கவில்லை என்றால் டப்பாவின் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.

கேட்டவர்

ஐயா! உறிஞ்சிய இரண்டாவது முறையே இன்ஜின் அணைந்தது. விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்தேன், பற்றியது. மறுபடி உறிஞ்சினேன், அணைந்தது. ஐந்து முறை செய்து பார்த்தேன், நான்கு முறை அணைந்தது. மூன்று மாதமாகத் தேடியது வாசலிலேயே கைக்கு அகப்பட்டுவிட்டது. எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. என் அப்பாவும் திருநெல்வேலியில் அம்பாசடர் ஓட்டியவர். இதை அவரிடம் போனில் சொன்னபோது "அந்தத் தட்டு ஒயர்தானே" என்றார்!

எப்படி மாற்றுவது? டிஸ்ட்ரிபியூட்டரை முழுசாக வெளியே எடுக்க வேண்டுமா?

பதில் 3 (மதுரை)

எடுக்க வேண்டாம். கீழே இருக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தொடாதீர்கள், தொட்டால் டைமிங் போய்விடும். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். மூடி, ரோட்டார், பாயின்ட், கண்டென்சர் கழற்றினால் தட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தெரியும். டெர்மினல் ஓரத்துக் காடியிலிருந்து மேலே உருவி வரும், ஒயரும் அதோடு வரும். கையில் எடுத்ததும் மீட்டரை பஸ்ஸரில் (தொடர்பு இருந்தால் கத்தும் நிலை) வைத்து ஒயரை இப்படியும் அப்படியும் மடித்துப் பாருங்கள்.

புது ஒயர் அதற்கென்றே விற்பதாக வாங்குங்கள். வீட்டில் கிடக்கும் சாதாரண ஒயரைச் சால்டர் வைத்துப் போட்டால் சால்டர் ஏறிய இடம் விறைத்து, சில மாதத்தில் அங்கேயே ஒடியும். நூல் மாதிரி மெல்லிய இழைகள் நிறைய உள்ள, துவளும் ஒயர் வேண்டும். அப்புறம் அதே தட்டில் இன்னொரு குட்டி ஒயர் இருக்கும், தட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்போடு எர்த் செய்வது. அதற்கும் அதே வயதுதான், அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். போட்டு முடித்ததும் தட்டைக் கையால் முழுசாகத் திருப்பி, எந்த ஒயரும் இழுபடவில்லை, நடுவில் சுழன்று பாயின்ட்டைத் திறக்கும் கேமில் உரசவில்லை என்று பாருங்கள். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். கேமில் ஒரு பொட்டு கிரீஸ், அதற்கு மேல் வேண்டாம். அதிகம் வைத்தால் பாயின்ட்டில் தெறிக்கும்.

பதில் 2 (கோயம்புத்தூர்)

ஐயா சொன்ன வேலை முடிந்ததும் சோக் கேபிளுக்கு வருவோம். இன்ஜின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. பாடியோடு அதைச் சேர்ப்பது பின்னல் எர்த் பட்டை ஒன்று. வண்டியின் வருடத்தைப் பொறுத்து கியர்பாக்ஸ் பக்கமோ முன் மவுண்ட் பக்கமோ இருக்கும். அது கெட்டால் செல்ஃப் மோட்டாரின் கரன்ட் திரும்பிப் போக வேறு வழி தேடும். கார்பரேட்டரைப் பிடித்திருக்கும் சோக் கேபிள் அப்படி ஒரு வழி. இதை விட்டு வைக்காதீர்கள், பெட்ரோலுக்குப் பக்கத்தில் கேபிள் சூடாவது நல்லதில்லை.

அளப்பது எளிது. மீட்டரின் ஒரு முனை இன்ஜின் பிளாக்கின் வெறும் இரும்பில், இன்னொன்று பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி.

ஹெட்லைட் மங்கலுக்கு விளக்குகளின் கறுப்பு ஒயர்கள் பாடியில் சேரும் இடத்தைத் தேடுங்கள். புல்லட் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் சுரண்டுவதை விட புதுசு போடுவதே மேல்.

கேட்டவர்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். ஒயர் தபாலில் வர நான்கு நாள் ஆயிற்று.

பழைய ஒயரைப் பஸ்ஸரில் வைத்து மடித்தேன். நேராக இருந்தால் கத்துகிறது, ஒரு பக்கம் வளைத்தால் நின்றுவிடுகிறது. தோலைப் பிளேடால் கீறிப் பார்த்தேன், உள்ளே இரண்டே இரண்டு இழை மிச்சம். எர்த் ஒயர் முனையிலும் பாதி அறுந்திருந்தது. இரண்டையும் மாற்றினேன்.

செல்ஃப் அடிக்கும்போது பிளாக்குக்கும் பேட்டரிக்கும் நடுவே 2.3 வோல்ட் காட்டியது. பட்டையைக் கழற்றினால் ஒரு முனை கிரீஸும் துருவுமாக, போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட். எனக்கு முன் வைத்திருந்தவர் பெயின்ட் மேலேயே இறுக்கியிருக்கிறார். புதுப் பட்டை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த வெறும் இரும்பு, மேலே வாசலின். இப்போது 0.2 வோல்ட். செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுறுசுறுப்பாகச் சுற்றுகிறது, சோக் கேபிள் குளிர்ச்சியாகவே இருக்கிறது.

நேற்று அதே ஏ6 சாலையில் பக்ஸ்டன் வரை போய்த் திரும்பினேன். ஒருமுறை கூட வெட்டவில்லை. மகளும் வந்தாள், வரும் வழியெல்லாம் ஆர்பிஎம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட்லைட் கனெக்டர்கள் மட்டும் பாக்கி. அடுத்த சனிக்கிழமை அந்த வேலை.

பதில் 3 (மதுரை)

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஐநூறு மைல் ஓடியதும் பாயின்ட் இடைவெளியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். புதுப் பாயின்ட்டில் கேமோடு உரசும் ஃபைபர் குதி கொஞ்சம் தேய்ந்து இடைவெளி குறையும். அப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.