புதுப்பிப்பு: ஏரோ தீவுக்குப் போய்விட்டு வந்தோம்

டென்மார்க் பயணத்தில் கோபன்ஹேகனிலிருந்து இரண்டு நாள் கிடைக்கிறது, பக்கத்திலுள்ள ட்ராகோர் என்ற சின்ன ஊர் போதுமா, ஏரோ தீவு வரை போகலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். "ஏரோவுக்கே போங்க" என்றவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

ஸ்வென்போர் என்ற துறைமுக ஊர் வரை ரயில், பிறகு ஃபெர்ரியில் 75 நிமிடம். தீவிலுள்ள ஏரோஸ்கோபிங் ஊரில் கால் வைத்ததுமே கல் பாவிய தெருக்கள், குனிந்து நுழைய வேண்டிய வாசல்கள். ஒரு ஜன்னலில் இரண்டு பீங்கான் நாய்கள். வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தால் நாய்கள் தெருவைப் பார்க்குமாம், திரும்பிவிட்டால் வீட்டுக்குள் பார்க்குமாம். மாலுமி வீட்டுப் பெண்களின் பழைய வழக்கம் என்கிறார்கள். நான் பார்த்தவை தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

பாட்டிலுக்குள் அமைத்த குட்டிக் கப்பல்களின் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். பீட்டர் யாகப்சன் என்ற மாலுமி செய்தவை 1,700-க்கும் மேல்!

சாயங்காலம் வெஸ்டர்ஸ்ட்ராண்ட் கடற்கரையில், வண்ணக் குடில்களுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்க்கவாவது ஒரு இரவு தங்குங்கள். தீவுக்குள் பஸ் இலவசம்.

ட்ராகோரின் மஞ்சள் வீடுகளைக் கடைசி நாள் காலையில் பார்த்தோம். விமான நிலையத்துக்குப் பக்கம் என்பதால் அது சௌகரியமாக அமைந்தது.