18 அடி உயரம் இருக்கு, சாமான் எல்லாம் தரையிலதான் கிடக்கு – பள்ளத்தூர் பட்டறைக்கு யோசனை சொல்லுங்க

பள்ளத்தூர் ஆசாரி:

எல்லாருக்கும் வணக்கம். பழைய நிலை, கதவு, தூண் இதையெல்லாம் வாங்கிச் சரிபண்ணிக் கொடுக்கிறது என் தொழில். காரைக்குடியில சின்ன இடத்துல இருந்தேன். போன தை மாசம் பள்ளத்தூர்ல ஒரு பெரிய வீட்டோட கார் ஷெட் வாடகைக்குக் கிடைச்சு அங்க வந்துட்டேன். 28 அடி நீளம், 15 அடி அகலம். தரையிலேர்ந்து உத்திரத்துக்கு 18 அடி. உள்ள நுழைஞ்சதும் அந்த உயரத்தைப் பார்த்து மனசு நிறைஞ்சுபோச்சு. இனிமே இடப் பிரச்சனையே இல்லைன்னு நினைச்சேன்.

ஆனா ஏழு மாசமா எல்லாமே தரையிலதான் கிடக்கு. நிலைக்கதவு 14 ஜோடி, தூண் 9, போதிகை (தூண் தலையில வைக்கிற செதுக்குக் கட்டை) ஒரு குவியல், 10 அடி 12 அடிச் சட்டம் பலகை ஒரு நூறு இருக்கும், பிளைவுட் ஷீட் ஒரு இருபது. நடுவுல இழைக்கிற மேஜைக்கும் நான் நிக்கிறதுக்கும்தான் இடம். எட்டு அடிக்கு மேல வெறும் காத்துதான்.

பலகையைச் சுவர்ல சாய்ச்சு வச்சிருந்தேன். ஆடி மாசம் ஒரு நாள் அடியில இருந்த ஒரு பலகையை உருவப்போக, மொத்தமும் சரசரன்னு சரிஞ்சது. என் பையன் அப்பத்தான் டீ வாங்க வெளிய போயிருந்தான். அவன் நிக்கிற இடம் அதுதான். சுவத்துல காரை ஒரு முழத்துக்குப் பேந்து விழுந்துச்சு. எடுத்துப் பார்த்தா, சாய்ஞ்சே கிடந்ததுல நாலு பலகை வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு. பர்மா தேக்கு, இப்ப எங்க போய் வாங்குறது?

வீட்டு ஆச்சி நல்லவங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிட்டாங்க: சுவத்துல ஓட்டை போடக்கூடாது. சுவர் ஒன்றரை அடி கனம், செங்கல், சுண்ணாம்புக் காரை. மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது மரத்து மேல செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டின தளம், தேக்கு உத்திரம் அஞ்சு. நடு உத்திரத்துல இரும்பு வளையம் ரெண்டு தொங்குது. அதுல கயிறு கட்டித் தூக்கி, கதவையெல்லாம் மேலே தொங்கவிட்டுடலாமான்னு ஒரு எண்ணம். செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.

தேவகோட்டை ஃபிட்டர்:

தம்பி, வளையத்துல இன்னிக்கே எதையும் மாட்டிறாதீங்க. 30 வருஷம் ரைஸ் மில்லுல ஃபிட்டரா இருந்தவன் சொல்றேன்.

உத்திரத்தோட நடுப்பாகம் கல்லு மாதிரி இருக்கும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. உத்திரம் கெடுறது சுவருக்குள்ள போற ரெண்டு முனையில. மேல தளத்துல விரிசல் விட்டு மழைத்தண்ணி இறங்கினா முதல்ல ஈரம் தங்குறது அங்கதான். கரையானும் சுவர் வழியா அங்கதான் ஏறும். ஏணி போட்டு ஏறி, ஸ்க்ரூடிரைவரால ஒவ்வொரு முனையையும் சுவரை ஒட்டிக் குத்திப் பாருங்க. நல்ல தேக்கா இருந்தா நுனி இறங்காது, டங்குனு சத்தம் வரும். பொத்துனு இறங்குச்சுன்னா அந்த உத்திரம் தளத்தைத் தாங்குறதே பெரிசு.

நல்லாவே இருந்தாலும், அது தளத்தைச் சுமக்கப் போட்டது. காஞ்ச தேக்கு ஒரு கன அடி சுமார் 18 கிலோ வரும், உங்களுக்குத் தெரியாததில்ல. நிலையோட சேர்த்து நாலு கதவைத் தொங்கவிட்டாலே அரை டன்னை நெருங்கிடும்.

சுவத்துல ஓட்டை வேண்டாம்னு ஆச்சி சொன்னதும் சரி. ஆங்கர் போல்ட் பிடிக்கிறது உள்ள விரிஞ்சு அழுத்துறதால. கான்கிரீட்ல அது நிக்கும். பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் மெத்துனு இருக்கிறதால, விரிய விரியச் சுத்தி நொறுங்கும், பாரம் ஏறினதும் காரையோட கழண்டு வந்துடும்.

நான் செய்யச் சொல்றது, வீட்டைத் தொடாம தன் காலுல நிக்கிற ஒரு இரும்புப் பரண். அளவு 12க்கு 8. தரையிலேர்ந்து எட்டடி உயரத்துல தளம், அடியில நீங்க தாராளமா நடக்கலாம். 3 இஞ்ச் சதுரக் குழாய்ல ஆறு கால், எட்டடிக் குறுக்கே 4 இஞ்ச் சேனல், மேல பலகை. சதுர அடிக்கு 25 கிலோ தாங்குற மாதிரி செய்யச் சொல்லுங்க. ஒவ்வொரு கால் அடியிலயும் ஒரு அடிக்கு ஒரு அடி தகடு. தரையில பாவின பட்டியக்கல் மட்டம் இருக்காது, தகட்டுக்கு அடியில பேக்கிங் கொடுத்து மட்டம் பார்க்கணும். ரெண்டு பக்கம் எக்ஸ் மாதிரி குறுக்குக் கம்பி கட்டாம விட்டுறாதீங்க. நேர் பாரத்துக்குக் கால் தாங்கிடும், ஆனா பக்கவாட்டுல ஆடினா மொத்தமும் சாயும். வெல்டர்ங்க மறக்கிறது அதைத்தான். வெல்டு வைக்கிறதுக்கு முன்னாடி படத்தை ஒரு இன்ஜினியர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.

பாரம் தூக்க, கிணத்துல தூர் வாருறவங்க வச்சிருக்கிற மாதிரி முக்காலி ஒண்ணு செஞ்சு செயின் பிளாக் (சங்கிலி இழுத்துப் பாரம் தூக்குற கப்பி) மாட்டுங்க. வேணுங்கிற இடத்துக்கு நகர்த்திக்கலாம். வளையத்தை அழகுக்கு விட்டுருங்க.

கோட்டையூர் ஆச்சி:

அப்பு, இரும்பு வேலை எனக்குத் தெரியாது. ஆனா சாமான் அடுக்குறது தெரியும். எங்க வீட்டுல சாமான் அறை மட்டும் மூணு. எங்க அப்பத்தா சொல்லிக்கொடுத்தது, மேலே எதை வைக்கணும்ங்கிறதைக் கனத்தை வச்சு மட்டும் முடிவு பண்ணாதே, எத்தனை நாளுக்கு ஒரு தடவை கை வைக்கிறோம்னு பாரு என்பாங்க. படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கிற அண்டாவும் தாம்பாளமும் பரண்ல. தினம் எடுக்கிற தவலை இடுப்பு உயரத்துல. அம்மி, உரல் தரையை விட்டு நகராது.

உங்க தூணும் நிலையும் உரல் மாதிரி. தரையிலயே இருக்கட்டும். போதிகை, செதுக்குன துண்டு, கம்பிக்கிராதி, வாங்க ஆள் வர்ற வரைக்கும் காத்திருக்கிறதெல்லாம் மேல போகலாம்.

இன்னொண்ணு. மேலே ஏத்தினது மறந்துபோகும். எங்க சாமான் எல்லாத்துலயும் வீட்டு விலாசம் (குடும்பத்தோட முதலெழுத்து) வெட்டியிருக்கும், நோட்டுலயும் எழுதியிருக்கும். எந்த அறை, எந்தத் தட்டு, எத்தனை உருப்படின்னு. கல்யாணம் முடிஞ்சா நோட்டைப் பார்த்து எண்ணித்தான் உள்ள வைப்பாங்க. நீங்களும் ஒவ்வொரு உருப்படிக்கும் நம்பர் போடுங்க. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தாத் தெரியுற மாதிரி நுனியில பெயின்ட்ல எழுதுங்க. ஜோடிக் கதவுக்கு ரெண்டுலயும் ஒரே நம்பர். ஒரு கதவு ஒரு பக்கமும் அதோட ஜோடி வேற பக்கமும் போய்ச் சேர்ந்தா அது கதவே இல்லை. எங்க பங்காளி வீட்டுக் கதவு ஒண்ணு அப்படித்தான் தனியாப் போய் எங்கயோ மேஜையாக் கிடக்கு. நினைச்சா வயித்தைப் பிசையுது. அதனாலதான் இவ்வளவு எழுதுறேன்.

பள்ளத்தூர் ஆசாரி:

அண்ணே, சொன்ன மாதிரியே குத்திப் பார்த்தேன். கிழக்குப் பக்கம் அஞ்சு முனையும் டங்குனுச்சு. மேற்குப் பக்கம் கடைசி உத்திரத்துல ஸ்க்ரூடிரைவர் கட்டைவிரல் நீளம் இறங்கிடுச்சு. வெளிய இழுத்தா நுனியில மாவு மாதிரி ஒட்டிக்கிட்டு வந்துச்சு. கீழே நின்னு பார்க்கிறப்போ அந்த உத்திரம் மத்த நாலையும் போல பளபளன்னு இருக்கு. வீட்டு ஆச்சியை உடனே கூப்பிட்டுக் காட்டினேன். அவங்க மகனுக்குப் போன் பண்ணிட்டாங்க. இப்போதைக்கு அந்த உத்திரத்துக்கு அடியில முட்டுக் கொடுத்திருக்கு. நீங்க சொல்லலைன்னா நான் கதவைத் தொங்கவிட்டிருப்பேன்.

ஆச்சி, நம்பர் யோசனை இன்னிக்கே ஆரம்பிச்சுட்டேன். ரெண்டு பேருக்கும் கேள்வி ஒண்ணு இருக்கு. 12 அடிப் பலகையை எங்க வைக்கிறது? பரண்ல ஏத்தி இறக்குறது ஒத்தை ஆளால முடியாது.

கானாடுகாத்தான் பையன்:

அண்ணே, நான் கோயம்புத்தூர்ல மர டிப்போவுல சூப்பர்வைசர். நீளப் பலகை பரணுக்குப் போகவே வேண்டாம். பரணோட ஒரு பக்கக் காலுலயே வெளிப்பக்கமாக் கை மாதிரி ஆங்கிள் வெல்டு பண்ணுங்க. கைக்குக் கை மூணடிக்கு மேல இடைவெளி போனா, காயுற பலகை நடுவுல தொய்யும். பன்னிரண்டடிப் பக்கத்துல கால் ஆறடிக்கு ஒண்ணுதான் வரும், அதனால காலுக்குக் கால் நடுவுல ஒரு நிமிர்சட்டம் சேர்த்துக்குங்க. முழங்கால் உயரத்துல ஒரு வரிசை, இடுப்புல ஒண்ணு, தோளுல ஒண்ணு. தோளுக்கு மேல வேண்டாம். கனமானது அடி வரிசையில. அதே அளவு பாரம் எதிர்ப்பக்கம் பரண் மேல இருக்கணும், இல்லைன்னா ஸ்டாண்டு ஒரு பக்கமா இழுக்கும். பலகைக்குப் பலகை நடுவுல அரை இஞ்ச் ரீப்பர் (மெல்லிசு மரச் சட்டம்) வச்சு அடுக்குங்க, ரீப்பர் எல்லாம் ஒண்ணுக்கு நேரே ஒண்ணு இருக்கணும். வளைஞ்ச நாலையும் மேடு மேல பார்க்க அடுக்கி, மேலே பாரம் வச்சு ஒரு மழைக்காலம் விட்டுப் பாருங்க. முழுசா நிமிராது, ஓரளவு வரும்.

பிளைவுட் 18 எம்எம் 8க்கு 4 ஒரு ஷீட் முப்பது கிலோவுக்கு மேல. அதைத் தரையில கட்டை போட்டு, நிமிர்த்தி நிறுத்துங்க. ஐப்பசி கார்த்திகையில பட்டியக்கல் வேர்க்கும், ரெண்டு இஞ்சாவது தூக்கி வைங்க.

தின்னர், பாலிஷ் டின் எதையும் பரண்ல வைக்காதீங்க. தளத்தை ஒட்டிச் சித்திரை வெயில் சூடு அப்படியே நிக்கும். அதுக்கு வெளிய நிழல்ல காத்தோட்டமா தனிப் பெட்டி.

புதுவயல் தங்கம்:

மேலே இருக்கிற ஜன்னலுக்கு முதல்ல வலை அடிங்க அண்ணே. மரச் சட்டத்துல வலையை அடிச்சு ஜன்னலுக்குள்ள இறுக்கி வச்சா சுவத்துல ஆணி வேண்டியதில்ல. எங்க நெல் குடோன்ல பரண் போட்ட மறு மாசமே புறா குடியேறிடுச்சு. செதுக்கு வேலைக்குள்ள எச்சம் காஞ்சா பிரஷ் போட்டுத் தேய்ச்சாலும் கறை போகாது.

பள்ளத்தூர் ஆசாரி:

ரெண்டு மாசம் கழிச்சு எழுதுறேன். பரண் நின்னுடுச்சு. காரைக்குடி வெல்டர் ஒருத்தர், துண்டு துண்டாச் செஞ்சு கொண்டுவந்து இங்க போல்ட் போட்டு முடுக்கினார். நாளைக்கு இடம் காலி பண்ணினா கழட்டி எடுத்துட்டுப் போகலாம். எக்ஸ் கம்பி போடாமத்தான் முதல்ல வந்தார். கையால தள்ளிக் காட்டினேன், மேலே ரெண்டு இஞ்ச் ஆடுச்சு. பேசாம போய்க் கம்பி எடுத்துட்டு வந்தார். கம்பி கட்டினப்புறம் நானும் பையனும் சேர்ந்து தள்ளியும் அசையலை.

கதவையெல்லாம் பரணுக்கு அடியில, தட்டு அடுக்குற ஸ்டாண்டு மாதிரி மரத்துலயே காடி (நீளப் பள்ளம்) செஞ்சு நிமிர்த்தி வச்சுட்டேன். அப்பா காலத்து இழைப்புளி கொண்டுதான் அந்தக் காடி அத்தனையும் இழைச்சேன். 14 ஜோடிக்கும் நம்பர் போட்டப்போ, 6-ன்னு ஜோடி சேர்த்து வச்சிருந்த ரெண்டும் வேற வேற வீட்டுக் கதவுன்னு தெரிஞ்சுது. ஒண்ணுல தாமரைக்கு எட்டு இதழ், இன்னொண்ணுல ஏழு. ஏழு வருஷமா என்கிட்ட இருக்கு, நான் பார்க்கலை. கோட்டையூர் ஆச்சி, உங்க பங்காளி வீட்டுக் கதவுல தாமரை இருந்துச்சா? எத்தனை இதழ்னு யாருக்காவது ஞாபகம் இருந்தாக் கேட்டுச் சொல்லுங்க. ரெண்டையும் தனியா எடுத்து வச்சிருக்கேன். யாருக்கும் கொடுக்க மாட்டேன்.