ஹவுஸ்கீப்பிங் ஆளுக்கு 21,000 கட்டுகிறோம், கையில் 10,000 சொச்சம்தான் போகிறது. மீதி எங்கே?

பி_பிளாக்_பொருளாளர்:

சென்னையில் ஓஎம்ஆர் பக்கம் 140 வீடுகள் உள்ள அபார்ட்மெண்ட் எங்களுடையது. இந்த வருடம் சங்கப் பொருளாளர் வேலை என் தலையில் விழுந்தது. கூட்டுவது, துடைப்பது, குப்பை எடுப்பது எல்லாம் ஏஜென்சி மூலம்தான், ஒன்பது பேர், அதில் ஏழு பேர் பெண்கள். பில்லில் ஒரு ஆளுக்கு ஜிஎஸ்டி சேர்த்து 21,000 ரூபாய் வருகிறது. மாடிப்படி துடைக்கும் அக்காவிடம் பேச்சுவாக்கில் கேட்டால் கையில் 10,000 சொச்சம் வருகிறதாம், அதுவும் சில மாதம் 12ஆம் தேதிக்கு மேல்தான். சம்பளச் சீட்டு என்று ஒன்றை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை.

கமிட்டியில் சொன்னேன். "அது ஏஜென்சிக்கும் அவங்களுக்கும் உள்ள விஷயம், நாம தலையிட்டா நாளைக்கு நாங்க உங்க ஊழியர்னு கேஸ் போடுவாங்க" என்று ஒரே குரலில் முடித்துவிட்டார்கள். அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். இன்னொரு ஏஜென்சி ஆளுக்கு 16,500க்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறது, எல்லோருக்கும் அதன் மேல்தான் கண். சங்கத்துக்குச் சட்டப்படி இதில் பொறுப்பு உண்டா? 21,000ல் நியாயமாக எவ்வளவு அவர்கள் கைக்குப் போக வேண்டும்?

கணக்குப்பிள்ளை:

சார், முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். சம்பளம் 13,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி பங்கு பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) நிர்வாகச் செலவோடு 13 சதவீதம், 1,690. இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 3.25 சதவீதம், 423. போனஸ் 8.33 சதவீதம், 1,083. ஆக 16,196. ஏஜென்சி சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் போட்டால் 17,816, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 21,023. உங்கள் பில் ஏறக்குறைய இதுதான். தொழிலாளி பக்கம் பிஎஃப் 12, இஎஸ்ஐ 0.75 சதவீதம் பிடித்தது போக கையில் 11,342 வர வேண்டும். மாதம் ஆயிரம் ரூபாய் போல எங்கேயோ போகிறது.

அதைவிட முக்கியமாக, பிடித்தம் நிஜமாகவே கட்டப்படுகிறதா என்று பாருங்கள். போனஸையும் கேளுங்கள். அதை மாதாமாதம் உங்களிடம் வாங்கிவிடுகிறார்கள், தீபாவளிக்கு அந்த அக்கா கைக்குப் போனதா அல்லது ஒரு ஸ்வீட் பாக்ஸோடு முடிந்ததா?

16,500 கொட்டேஷனை இதே கணக்கில் பின்னோக்கிப் போட்டால் சம்பளம் 10,200, கையில் 9,000 கூட வராது. குறைந்தபட்ச ஊதியத்தைத் தொழிலாளர் துறை தளத்தில் உங்கள் மண்டலத்துக்குப் பாருங்கள், பஞ்சப்படி ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும். அதற்குக் கீழே ஒரு கொட்டேஷன் இருந்தால் அவர் சட்டத்தை மீறித்தான் லாபம் பார்க்கப் போகிறார், நீங்களும் அது தெரிந்தே கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

பொறுப்பு உண்டா என்றால், உண்டு. ஒப்பந்ததாரர் பிஎஃப், இஎஸ்ஐ கட்டாவிட்டால் முதன்மை முதலாளியிடம், அதாவது வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட உங்கள் சங்கத்திடம், வசூலிக்க அந்தச் சட்டங்களிலேயே வழி இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத்தொகுப்பும், வேலை கொடுத்தவர் சம்பளம் தராவிட்டால் அந்த இடத்தின் உரிமையாளரான நிறுவனமோ சங்கமோ தர வேண்டும் என்கிறது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் போக வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. கேஸ் பயத்தைப் பற்றி: லீவு கொடுப்பது, தண்டிப்பது, ஆள் மாற்றுவது எல்லாம் செயலாளரே செய்தால்தான் "உங்கள் ஊழியர்" என்ற வாதத்துக்கு இடம். பிஎஃப், இஎஸ்ஐ கட்டியதற்கான சலான் கேட்பதால் யாரும் உங்கள் ஊழியர் ஆகிவிட மாட்டார்.

சிறுஒப்பந்தக்காரன்:

நான் சின்ன ஏஜென்சி நடத்துகிறேன், திட்டுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள். சங்கங்கள் பில்லை ரெண்டு மாதம் கழித்துத்தான் பாஸ் பண்ணும், ஆனால் ஜிஎஸ்டியும் பிஎஃப்பும் எனக்காகக் காத்திருக்காது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நான்கு கொட்டேஷன் வைத்துக் கீழே இருப்பதை எடுக்கிறீர்கள், அப்போது யாரும் இந்த விலைக்கு எப்படிச் சம்பளம் கொடுப்பாய் என்று கேட்பதில்லை. நியாயமாகப் போட்ட கொட்டேஷனால் நான் இழந்த சைட்டுகள் நிறைய.

இந்தத் தொழிலில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பிஎஃப் சலானை எல்லா வாடிக்கையாளருக்கும் நகல் எடுத்து பில்லோடு இணைப்பார்கள், அதில் உங்கள் ஆள் பேரே இருக்காது. அதனால் சலான் மட்டும் வாங்காதீர்கள், யார் யாருக்கு எவ்வளவு பிஎஃப் கட்டினார்கள் என்று காட்டும் ஈசிஆர் பட்டியல் வாங்கிப் பேர் பேராகச் சரிபாருங்கள். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து மீதியை அலவன்ஸ் என்று காட்டி பிஎஃப்பைச் சுருக்குவது இன்னொன்று. ஒன்பது பேருக்கு பில் போட்டு ஏழு பேரை அனுப்புவதும் உண்டு, அந்த ஏழு பேர்தான் ஒன்பது பேர் வேலையைச் செய்வார்கள். லீவு போட்டவருக்குப் பதிலாக வரும் ரிலீவர் யார் என்று கேளுங்கள், பதில் வராது.

செல்வி_ஆவடி:

என் அம்மா இந்த வேலைதான் செய்கிறார், வேறொரு இடத்தில். ஈரத் தரையில் விழுந்து கை எலும்பு முறிந்தபோது அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போனோம். பங்களிப்பு கட்டாததால் கார்டு செல்லாது என்று சொன்னார்கள். மாதாமாதம் பிடித்தம் மட்டும் ஒழுங்காக நடந்திருக்கிறது. கடன் வாங்கித்தான் வெளியே பார்த்தோம்.

சம்பளத்தோடு இதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார். 140 வீட்டு அபார்ட்மெண்டில் அவர்கள் போக ஒரு கழிப்பறை இருக்கிறதா? அம்மா வேலைக்குப் போனால் மத்தியானம் வரை தண்ணீர் குடிக்க மாட்டார், காரணம் அதுதான். சாப்பிடுவது ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில், லிஃப்டில் ஏறினால் மேலும் கீழும் ஒரு பார்வை. ஆசிட் கொடுப்பார்கள், கையுறை கொடுக்க மாட்டார்கள். பழைய சாம்பாரைக் கொடுத்துவிட்டு நல்லது செய்ததாக நினைப்பவர்களுக்கு இந்த வேலைக்கு எந்தச் சாதி ஆட்கள் வருகிறார்கள் என்பது நன்றாகவே தெரியும்.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தபோது, 13ஆம் தேதி நள்ளிரவில் அவர்களைப் போலீஸ் அப்புறப்படுத்தியபோது, அம்மா வேலை செய்யும் இடத்து ஆட்கள் பலர் கோபமாக ஸ்டேட்டஸ் போட்டார்கள். வீட்டுக்கு 200 ரூபாய் மெயின்டனன்ஸ் ஏற்றலாமா என்ற கூட்டத்தில் அதே ஆட்கள்தான் கத்தினார்கள்.

எஸ்டிபி_ஆபரேட்டர்:

ஒன்று மட்டும். ஹவுஸ்கீப்பிங் ஆளை எக்காரணம் கொண்டும் எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு) தொட்டிக்குள் இறக்காதீர்கள். "சும்மா அடைப்புதான், அஞ்சு நிமிஷம்" என்பார்கள், விஷவாயுவுக்கு அஞ்சு நிமிஷம் ஜாஸ்தி. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி இறக்கியவருக்கு முதல் தடவையே இரண்டு வருடம் வரை சிறை. செத்தால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. லாரி வைத்து உறிஞ்ச 14420க்குக் கூப்பிடுங்கள்.

பி_பிளாக்_பொருளாளர்:

எல்லோருக்கும் நன்றி. ஈசிஆர் பட்டியல் கேட்டு மெயில் போட்டேன். "இதுவரை எந்த சங்கமும் கேட்டதில்லையே சார்" என்று மேனேஜர் போனில் சிரிக்கிறார். கிளப் ஹவுஸ் கழிப்பறையைத் திறந்துவிட மூன்று பேர் சம்மதித்துவிட்டார்கள், செயலாளர் யோசிக்கிறார். பட்டியலை எந்த மாதத்திலிருந்து வாங்குவது? பழைய பாக்கி இருந்தால்?

கணக்குப்பிள்ளை:

ஒப்பந்தம் ஆரம்பித்த மாதத்திலிருந்து வாங்குங்கள். தர மறுத்தால் கடைசி பில்லை நிறுத்தி வையுங்கள், புதுப்பிக்கும்போது "பேர்வாரி ஈசிஆர், இஎஸ்ஐ பட்டியல், வங்கி மூலம் சம்பளம் போட்டதற்கான ஆதாரம் இல்லாமல் பில் பாஸ் ஆகாது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதற்குப் பதிலாக சங்கம் பில்லை 5ஆம் தேதிக்குள் தீர்க்கும் என்றும் எழுதுங்கள், மேலே ஒப்பந்தக்காரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த ஒன்பது பேரிடமும் பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் நம்பர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் பிஎஃப் அலுவலகத்துக்குப் புகாரோடு போக வேண்டியதுதான்.