மறு: பூச்சி மருந்தா, புழுக்கொல்லியா?

> ஐயா, மலேசியாவின் தாப்பா வட்டாரத்தில் ஆடு வளர்ப்போருக்குக் கையேடு தயாராகிறது. ஆட்டின் வயிற்றுப்புழுவுக்குச் சோதிக்கும் லைக்கன் (மரப்பட்டையிலும் பாறையிலும் படரும் பூஞ்சை-பாசிக் கூட்டுயிர்) சாறு பற்றிய பக்கத்தில் ‘புழுக்கொல்லி’ என்று போடலாமா?

வணக்கம் அம்மா. பொதுப்பெயராக அது வேண்டாம். ‘பூச்சி மருந்து’ அதைவிட ஆபத்து: தோட்டத்து ஸ்டோரில் அந்தப் பெயரில் இருப்பது செம்பனைக்கு அடிக்கும் விஷம்.

எல்லா மருந்தும் புழுவைக் கொல்வதில்லை. பைரன்டெல், லெவாமிசோல் இரண்டும் புழுவின் தசையை இறுக்கி முடக்கும். முடங்கிய புழு பிடி தளர்ந்து வெளியேறும். அல்பெண்டசோல், புழு குளுக்கோஸ் உறிஞ்சுவதைக் கெடுத்து மெல்லச் சாகடிக்கும். ஆகவே பொதுப்பெயர் ‘புழுநீக்கி’. அதற்குள் ‘புழுமுடக்கி’, ‘புழுக்கொல்லி’ என்று இரண்டு.

லைக்கனுக்கு எது பொருந்தும் என்பதைச் சோதனைதான் சொல்லும். மண்புழுவைச் சாற்றில் இட்டு, அசைவு நின்ற நேரத்தைக் குறித்தால் அது முடக்கம். 50 டிகிரி வெந்நீரில் நனைத்தும் அசையாவிட்டால்தான் சாவு. அப்போதும் மண்புழு வளையப்புழு. ஆட்டின் நான்காம் இரைப்பையில் இரத்தம் குடிக்கும் ஹீமோங்கஸ் உருளைப்புழு. ஒன்றில் கண்டதை மற்றதற்கு எழுதக் கூடாது. இன்னொன்று: சில லைக்கன்களில் உள்ள ஊஸ்னிக் அமிலம் தண்ணீரில் கரைவது அரிது, அசிட்டோன், டிஎம்எஸ்ஓ போன்ற கரைப்பானில் கரைப்பார்கள். சாறு இல்லாமல் வெறும் கரைப்பான் ஊற்றிய சோதனைத் தட்டு பக்கத்தில் இல்லையென்றால், புழுவை முடக்கியது எது என்றே தெரியாது.

> ‘லைக்கன்’ என்பதற்குக் ‘கற்பாசி’ என்றே எழுதிவிடலாமே?

வேண்டாம் அம்மா. கற்பாசி மசாலாவில் போடும் ஒரு லைக்கன் வகை. படிப்பவர் அதையே அரைத்து ஆட்டுக்கு ஊட்டுவார். பால்மரப் பட்டையில் வெள்ளைத் திட்டாகப் படர்ந்திருப்பது வேறு. பட்டையோடு சேர்த்துத்தான் அதைச் சுரண்ட முடியும், பட்டையின் துவர்ப்புப் பொருளான டானினும் சாற்றில் இறங்கும். டானினே புழுவைத் தாக்கக்கூடியது என்பதால் முடிவு குழம்பும். ஊஸ்னிக் அமிலம் நிறைந்த ஊஸ்னியா, கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடத்து மரங்களில் தாடிபோல் தொங்குவது. மூன்றுக்கும் பொதுவாக ‘லைக்கன்’ என்றே இருக்கட்டும்.

கையேட்டில் எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போடுங்கள். ஊஸ்னிக் அமிலம், உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உற்பத்தியைக் குலைக்கும். புழுவின் உயிரணு, ஈரலின் உயிரணு என்று பார்க்காது. அது கலந்த எடைக்குறைப்பு மாத்திரை ஒன்றால் ஈரல் கெட்டதாக 2001இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. தட்டில் கண்ட பலனை வைத்து ஆட்டுக்கு அளவு எழுத வேண்டாம்.

வழக்கமான மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, கொடுக்கும் முன்னும் 14 நாள் கழித்தும் புழுக்கையில் முட்டை எண்ணச் சொல்லுங்கள். 95 விழுக்காடு குறையாவிட்டால் புழு மருந்துக்குப் பழகிவிட்டதா என்று சந்தேகிக்கலாம். இதற்கு ‘முட்டைக்குறைவுச் சோதனை’ என்று பெயர் வைக்கலாம். மற்றவர்களும் சொல்லுங்கள்.