பவர் வீல்சேர் வருமுன் விஆரில் பழகுவது பலன் தருமா?

முல்லை:
பக்கவாதத்தில் அப்பாவுக்கு இடது கை, கால் விழுந்துவிட்டது. இடப்பக்கம் இருப்பதைக் கவனிப்பதே இல்லை. தட்டில் இடது பாதி அப்படியே மிச்சமிருக்கும். பவர் வீல்சேர் (மோட்டாரில் ஓடும் சக்கர நாற்காலி) வரும்வரை விஆர் சிமுலேட்டரில், அதாவது கண்ணில் மாட்டும் ஹெட்செட்டில் நிஜமாக ஓட்டுவதுபோலக் காட்டும் கருவியில், பழகட்டும் என்கிறார் தெரபிஸ்ட். ஹெட்செட் மாட்டியதுமே தலைசுற்றல். தொடரலாமா?

ஜாய்ஸ்டிக்காரன்:
நானும் பவர் வீல்சேர்தான், தங்கச்சி. சிமுலேட்டர் ஜாய்ஸ்டிக்கை (வண்டியை ஓட்டும் சின்னக் குச்சி) பழக்கும், வண்டியைப் பழக்காது. கொஞ்சம் சாய்த்தால் மெதுவாகப் போகும், முழுக்கச் சாய்த்தால் பாயும், கையை எடுத்தால் நிற்கும். பதறும்போது கையை எடுக்கத் தோன்றணுமே, நம் கை இன்னும் இறுக்கித்தானே பிடிக்கும்! யார் காலையும் நசுக்காமல் அதைப் பழகிக்கொள்ள சிமுலேட்டர் நல்லது.

ஆனால் பின்னால் எடுக்கும்போது சின்னச் சக்கரங்கள் சுழன்று திரும்பி, வண்டி ஒரு வெட்டு வெட்டுமே, அதை நாற்காலியில் உட்கார்ந்தால்தான் உடம்பு உணரும். எந்தச் சக்கரத்துக்கு மோட்டார் என்றும் கேளுங்கள். நடுச்சக்கரம் என்றால் நின்ற இடத்திலேயே சுற்றும். பின்சக்கரம் என்றால் திரும்பும்போது முன்பக்கம் அகலமாக வீசும், கால் வைக்கும் பலகை கதவு நிலையில் இடிக்கும். முன்சக்கரம் என்றால் வால் வீசும். சிமுலேட்டரில் ஒன்றும் வண்டியில் வேறொன்றும் இருந்தால் பழகியதே எதிரி.

கைமருந்து (தொழில்முறை சிகிச்சையாளர்):
கண் ‘நகர்கிறோம்’ என்கிறது, உள்காது ‘இல்லை’ என்கிறது. தலைசுற்றல் அதனால்தான். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு சாதாரணத் திரையில், வேகத்தைக் குறைத்து, கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உருவான சிமுலேட்டரும் கம்ப்யூட்டர் திரை, ஜாய்ஸ்டிக் வைத்துப் பழகக் கூடியதுதான்.

எனக்குக் கவலை தலைசுற்றலில் இல்லை, இடப்பக்கத்தில். இடது சுவரில் எத்தனை முறை இடிக்கிறார் என்று தனியாகக் குறித்து வையுங்கள். ‘முதலில் இடது ஓரத்தைத் தேடுங்கள்’ என்று ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்லுங்கள். சொல்லாமலே தேட ஆரம்பித்தால் நல்ல அறிகுறி. அப்படியும் இடிப்பது குறையாவிட்டால், அவர் தனியாக ஓட்டலாமா என்பதையே தெரபிஸ்டோடு பேசவேண்டும். திரையில் தேறியதை வைத்து அனுமதி கொடுக்காதீர்கள். நிஜ வண்டியில் கதவு, சரிவு, குறுகலான இடம் எல்லாம் ஓட்ட வைத்துப் பார்த்தபிறகுதான்.

முல்லை:
நடுச்சக்கர மோட்டார்தானாம். சிமுலேட்டரிலும் அதையே வைக்கமுடியுமா என்று கேட்கிறேன். இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டினால் உதவுமா?

கைமருந்து:
உதவலாம். திரையின் இடது விளிம்பில் மேலிருந்து கீழ்வரை ஒட்டுங்கள். டேப் கண்ணில் படும்வரை தலையைத் திருப்பவேண்டும் என்று பழக்குங்கள். வண்டி வந்ததும் இடது கைப்பிடியிலும் அதே நிறம்.