கீமா உருளை: கறி தண்ணியா நிக்குது, கிழங்கு வேகல, அவசரம்

மேடவாக்கம்மீனா (மாலை 5.12)
எட்டு மணிக்கு வீட்டுக்காரரோட ஆபீஸ்காரங்க சாப்பிட வர்றாங்க. ஹைதராபாத்ல தோழி வீட்ல சாப்பிட்ட ஆலு கீமா மாதிரி பண்ணலாம்னு ஆரம்பிச்சேன். முக்கால் மணி நேரமா அடுப்புல இருக்கு. கறி தண்ணியில மிதக்குது, கிழங்கு இன்னும் கல்லு மாதிரி. சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

பாளைகுமார் (5.16)
என்ன கறி, எவ்வளவு? குக்கரா கடாயா? மூடியிருக்கீங்களா? தக்காளி எப்ப போட்டீங்க?

சமையல்கட்டு (5.19)
கறியக் கழுவினீங்களா? அதான் காரணம். அரைச்ச கறி பஞ்சு மாதிரி தண்ணியப் பிடிச்சுக்கும். கடையில முழுத் துண்டா இருக்கும்போதே கழுவி, தண்ணி வடிஞ்சதும் அரைக்கச் சொல்லணும்.

அனுபவசாலி (5.23)
அளவு சொல்லல, பாத்திரம் சொல்லல, உதவி மட்டும் உடனே வேணும். கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கும்மா. முப்பது வருஷமா சமைக்கிறேன், கிழங்கு வேகலன்னா கிழங்குதான் சரியில்ல. ஊட்டிக் கிழங்கு பார்த்து வாங்கியிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது.

மேடவாக்கம்மீனா (5.26)
மட்டன் அரை கிலோ, கடாய், மூடிதான் வச்சிருக்கேன். வடிகட்டியில போட்டுக் கழுவினேன். தக்காளி நாலு, தயிர் ஒரு கப், கிழங்கு எல்லாம் கறியோடயே போட்டுட்டேன்.

வாணியம்பாடிக்காரன் (5.34)
விஷயம் அங்கதான் இருக்கு சகோதரி. கிழங்கு மேல பழி போட வேண்டாம். அதோட செல்களை ஒட்ட வச்சிருக்கிற பெக்டின் புளிப்புல லேசுல கரையாது. நாலு தக்காளியும் ஒரு கப் தயிரும் சேர்ந்த சாறுல எந்த ஊர்க் கிழங்கைப் போட்டாலும் விறைச்சுக்கிட்டுதான் நிக்கும்.

இப்ப கிழங்கை மட்டும் கரண்டியால பொறுக்கி எடுங்க. குக்கர்ல உப்புத் தண்ணி ஊத்தி ரெண்டு விசில் விடுங்க. புளிப்புல கிடந்ததால ஒரு விசில் பத்தாது.

கடாய் மூடியைத் திறந்துட்டுத் தீயைக் கூட்டுங்க. தண்ணி இருக்கிற வரைக்கும் கறி அவியும், வதங்காது. தண்ணி 100 டிகிரியத் தாண்டாது, கறி செவந்து மணக்க 140 பக்கம் சூடு வேணும். கரண்டியால அடி கிளறிக்கிட்டே இருங்க, கட்டியை உடைச்சு விடுங்க. களகளன்னு கொதிக்கிற சத்தம் அடங்கி சடசடன்னு மாறும், ஓரத்துல எண்ணெய் பிரியும். எங்க வீட்ல உருதுல 'பூன்னா'ன்னு சொல்றது இந்தக் கட்டத்தைத்தான். தமிழ்ல சுருள வதக்குறதுன்னு சொல்வாங்களே, அதுதான். அந்த எண்ணெய் தெரியுற வரைக்கும் எங்க அம்மா அடுப்பை விட்டு நகர மாட்டாங்க. கறி சுருண்ட பிறகு வெந்த கிழங்கைச் சேர்த்து, அரை டம்ளர் வெந்நீர் ஊத்தி, அஞ்சு நிமிஷம் சிறுதீயில விடுங்க.

அடுத்த தடவை வெங்காயம், இஞ்சி பூண்டு, கறி, இதுங்க சுருண்ட பிறகு கிழங்கு. கிழங்கு முக்கால் பதம் வெந்ததும் தக்காளி. இந்த வரிசையை மட்டும் விட்டுடாதீங்க.

சமையல்கட்டு (5.41)
பாய் சொன்னது சரி. ஆனா கழுவினதும் காரணம்தான், அதை நான் விட மாட்டேன்.

தேவகோட்டைஆச்சி (5.50)
மெஷின் கைமாவே தப்பு. கட்டையில வச்சுக் கத்தியால கொத்துனாத்தான் கொத்துக்கறி. கொத்துன கறி இவ்வளவு தண்ணி விடாது, பல்லுக்கும் தெரியும்.

அனுபவசாலி (5.55)
கைமான்னு சொல்றதே பிழை. கீமாதான் சரியான சொல்.

வாணியம்பாடிக்காரன் (6.03)
பிழை இல்லைங்க. மூலம் துருக்கிச் சொல், கொத்துறதுன்னு அர்த்தம். இன்னிக்கும் துருக்கியில கிய்மா, கிரேக்கத்துல கிமாஸ். உருதுல கீமா, நம்ம பக்கம் கைமா. ஆச்சி சொல்ற கொத்துக்கறியும் அதே பொருள்தான். எங்க தெருவுல யாரும் கீமான்னு கேட்டுக் கறி வாங்குறதில்ல.

தேவகோட்டைஆச்சி (6.10)
பேரு எப்படியோ போகட்டும் தம்பி. கோலா உருண்டைக்கு மெஷின் கறி சரி, குழம்புக்குக் கொத்தித்தான் ஆகணும்.

அனுபவசாலி (6.14)
உருண்டைக்கும் அம்மியில அரைக்கிறதுதான் முறை. தெரிஞ்சு பேசணும்.

பாளைகுமார் (6.20)
அந்த அக்கா அடுப்புல வச்சுக்கிட்டு நிக்கிறாங்க, இங்க அம்மி சண்டை. மீனாக்கா, தண்ணி வத்துச்சா?

மேடவாக்கம்மீனா (7.46)
வத்திடுச்சு, எண்ணெய் பிரிஞ்சுது. ரொம்ப நன்றி பாய். வந்துட்டாங்க.

பாளைகுமார் (7.49)
கிழங்கு?

பாளைகுமார் (மறுநாள் காலை 9.05)
அக்கா, கிழங்கு ரெண்டு விசில்ல வெந்துச்சா? ஞாயித்துக்கிழமை நானும் பண்ணப் போறேன்.